ஓடும் நீரில் நிற்கும் செடி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இல்லாத ஒரு செடியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் மேல்பகுதியில், வெள்ளம் மோதும் ஒரு பாறையில் அதை வைத்து, அங்கே அது பிழைத்துக் கிடக்க என்னென்ன வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். பேச வசதியாக அதற்குப் ‘பாறைப்பற்றி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்தத் தாவர நூலிலும் இந்தப் பெயரைத் தேட வேண்டாம்.

கற்பனைச் செடி எதற்கு என்று கேட்கலாம். வகுப்பறையில் இது பழைய பயிற்சிதான். ஆற்றில் வாழும் செடி ஒன்றை வரையச் சொன்னால் பிள்ளைகள் தாராள மனத்தோடு வரைவார்கள். ஆழமான வேர், வளையும் தண்டு, மிதக்கும் இலை, நீருக்கு மேலே பெரிய பூ, காற்றில் பறக்கும் விதை என்று எல்லாவற்றையும் ஒரே செடிக்குக் கொடுத்துவிடுவார்கள். படம் அழகாக இருக்கும். ஆனால் அந்தச் செடி எதையும் விலை கொடுத்து வாங்கவில்லை. அதற்கு அப்பன் பாட்டனும் கிடையாது. நம்முடைய பாறைப்பற்றிக்கு இரண்டு கட்டுப்பாடுகளை விதிப்போம். நிலத்தில் வாழ்ந்த ஏதோவொரு பூக்கும் தாவரத்தின் வழியில் வந்தது அது. ஆகவே வேர், தண்டு, இலை, பூ என்று பரம்பரையாக வந்த சாமான்களை வைத்தே அது குடித்தனம் நடத்தியாக வேண்டும். அடுத்தது, ஒன்றைப் பெற்றால் இன்னொன்றை இழக்க வேண்டும். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் கற்பனை வெறும் பொழுதுபோக்காக இராது. உண்மையான செடிகளைக் கேள்வி கேட்கும் கருவியாகிவிடும்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். தாமிரபரணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆறு. ஆனால் இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கின் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கின் அடைமழை. தை பிறந்தபின் நீர் வடியத் தொடங்கி, மாசி, பங்குனியில் மலைப்பகுதிப் பாறைகள் முதுகு காட்டும். வெள்ளம் என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இந்த அரங்கில் பலர் உடலால் அறிந்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஆற்றில், நீர் பாய்ந்து விழும் இடத்தில், மண்ணே இல்லாத கருங்கல்லின் மேல் நம் செடி நிற்க வேண்டும்.

அதன்மேல் விழும் விசையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் தனக்கு எதிரே நிற்கும் பரப்பின்மேல் தரும் அழுத்தம், மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயல்காற்றின் அழுத்தத்துக்கு ஈடு. வினாடிக்கு 2 மீட்டர் என்பது ஆற்றுக்கு ஒன்றும் பெரிய வேகமில்லை. மலைப்பகுதியில் அது சாதாரண நாளின் ஓட்டம். வெள்ளத்தில் வேகம் இரட்டித்தால், விறைப்பாக நிற்கும் பொருளின் மேல் விசை நான்கு மடங்காகும். புயல் சில மணி நேரத்தில் கரையைக் கடந்து ஓய்ந்துவிடும். பாறைப்பற்றிக்கு அது மாதக்கணக்கில் ஓயாது.

இதற்குத் தாவர உலகம் கண்ட வழிகளில் நமக்கு நன்றாகத் தெரிந்தது வளைந்துகொடுப்பது. நாணல் அப்படித்தான் செய்கிறது. வளையும் உடல் தன் எதிர்ப்பரப்பைத் தானே குறைத்துக்கொள்வதால், வேகம் கூடும் அளவுக்கு விசை கூடுவதில்லை. மலையடிவாரத்து ஆற்றுப் படுகைகளில் கற்களுக்கு நடுவே புதராக நிற்கும் ஆற்றுவஞ்சியும் அந்த வழியில் போவதுதான். அலரி இலை மாதிரி ஒடுங்கிய இலை, முறியாத மிலாறு, கற்களின் இடுக்குக்குள் ஓடிப் பின்னிக்கொண்ட வேர். வெள்ளம் தலைக்குமேல் போகும், வடிந்ததும் நிமிர்ந்துகொள்ளும். நெதர்லாந்தின் தாவரவியலாளர் வான் ஸ்டீனிஸ் 1981-இல் உலகெங்குமுள்ள இத்தகைய வெள்ளப்பாதைச் செடிகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத குடும்பங்களில் பிறந்த செடிகள்கூட ஓடும் நீரின் ஓரத்தில் இலையை ஒடுக்கிக்கொண்டிருப்பதை அதில் காணலாம்.

ஆனால் நாணலுக்கு மணல் உண்டு, ஆற்றுவஞ்சிக்குக் கல்லிடுக்கு உண்டு. பாறைப்பற்றிக்கு இரண்டும் இல்லை. வழுக்கும் மொட்டைக் கல்லில் ஆணிவேரை இறக்க முடியாது. இறக்க முடியாத வேர் என்ன செய்யலாம்? படுத்துக்கொள்ளலாம். பாறையின் பரப்பை ஒட்டி மில்லிமீட்டர் கணக்கில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. மேலே எவ்வளவு வேகம் இருந்தாலும் அங்கே நீர் மெதுவாகத்தான் நகரும். வேர் தட்டையாகி, நாடாவாகவோ தகடாகவோ அந்தப் படலத்துக்குள் பரவிவிட்டால் வெள்ளம் அதற்கு மேலேதான் போகும். சரி, எதைக் கொண்டு ஒட்டிக்கொள்வது? நிலத்துச் செடியிடம் ஏற்கெனவே உள்ள வேர்த்தூவிகள் பசையைச் சுரக்கட்டும். பாறையின் மேல் வாழும் நீலப்பசும்பாசிகளின் படலம் அந்தப் பசையோடு சேர்ந்து ஒட்டை இறுக்கட்டும்.

தட்டை வேரின் மேல்பக்கம் வெயில் படுகிறது. வேர் பச்சையாகட்டும்; இலையின் வேலையையும் அதுவே பார்க்கட்டும். அப்போது தண்டு எதற்கு? தேவை குறைந்தது குறுகிப்போகும். தளிர்கள் வேரிலிருந்தே கிளம்பும். இலை மயிரிழையாகவோ செதிலாகவோ மிஞ்சும்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் புன்னகை செய்வதைப் பார்க்கிறேன். நான் கற்பனை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் இதுவரை சொன்ன ஒவ்வொரு உறுப்பும் போடோஸ்டெமேசியே என்ற தாவரக் குடும்பத்தில் உண்மையாகவே இருக்கிறது. வெப்பமண்டலத்தின் அருவிகளிலும் பாறை ஓடைகளிலும் வாழும் ஏறக்குறைய 300 சிற்றினங்கள் அந்தக் குடும்பத்தில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் அவற்றின் முக்கியமான தாயகங்கள். வில்லிசியா செலாஜினாய்டஸ் ஆனைமலைப் பக்கத்துச் செடி. நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கியிருக்கும் இந்தோட்ரிஸ்டிக்கா திருநெல்வேலியானா என்ற சிற்றினம் 1970-களில் அறிவியலுக்கு அறிமுகமானது. கொலம்பியாவின் கான்யோ கிரிஸ்டாலெஸ் என்ற ஆறு ஆண்டில் சில மாதங்கள் குங்குமச் சிவப்பாக ஓடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு நீருடையதில்லை; படுகைப் பாறையை மூடியிருக்கும் மக்கரேனியா என்ற செடியுடையது. அதுவும் இந்தக் குடும்பந்தான்.

இவற்றின் உறவுமுறை இன்னும் வியப்பானது. பார்வைக்குப் பாசி, ஈரலொட்டி என்றே தோன்றும் இந்தச் செடிகள், மரபணு ஆய்வின்படி நம் கடற்கரைப் புன்னைக்கும் குடம்புளிக்கும் மங்குஸ்தானுக்கும் சொந்தக்காரர்கள். வழவழப்பான தடித்த இலையும் நெடிய அடிமரமும் கொண்ட புன்னையை நினைத்துக்கொண்டு, பாறையில் விரல்நக அகலத்துக்கு ஒட்டியிருக்கும் பச்சைத் தகட்டைப் பாருங்கள். ஒரே வம்சத்தின் ஒரு கிளை எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

மாசி மாதத்துக் காலையில் இப்படி ஒரு பாறையருகே குந்தி உட்கார்ந்து கைலென்ஸைக் கண்ணில் வைத்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நீர்விளிம்புக்குக் கீழே, இன்னும் நனைந்துகொண்டிருக்கும் இடத்தில், கரும்பச்சை நாடாக்கள் கல்லோடு கல்லாகக் கிளைபிரிந்து கிடக்கும். நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது. ஒரு சாண் மேலே, நேற்று வரை நனைந்து இன்று ஈரம் மட்டும் மிஞ்சிய இடத்தில், அதே நாடாவின் ஓரங்கள் செம்பழுப்பாகியிருக்கும். ஓரமெல்லாம் கடுகைவிடச் சின்ன மொட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடித்தாள் மாதிரி ஓர் உறை. சிலவற்றில் உறை கிழிந்து, காம்பு நீண்டு, பூ வெளியே வந்திருக்கும். இதழ் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஒற்றைக் காம்பு மேலே கவையாகப் பிரிந்து இரண்டு மகரந்தப்பைகளைத் தாங்கும்; பக்கத்தில் ஒரு சூலகம். இன்னும் ஒரு முழம் மேலே போனால் பாறை காய்ந்து சுடும். அங்கே செடி கறுத்துச் சருகாகியிருக்கும். அதன்மேல் வரியோடிய பழுப்பு வெடிகனிகள் மட்டும் காம்பில் நிற்கும். இரண்டு முழ உயரத்துக்குள் ஒரு செடியின் வாழ்வு முழுவதும் அடுக்கி வைத்திருக்கிறது. நீர் இறங்க இறங்க இந்த அடுக்கும் கீழே இறங்கிவரும்.

மூச்சுவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. குளத்துச் செடிகள் இதைச் சமாளிக்க உடலுக்குள் காற்றுக்குழாய்களை வைத்திருக்கின்றன; தாமரைத் தண்டை முறித்தால் அந்தத் துளைகள் தெரியும். போடோஸ்டெமேசியே செடிகளில் அப்படிப்பட்ட காற்றறைகள் இல்லை. அவற்றுக்குத் தேவையில்லை. நுரைத்துப் பாயும் நீரில் காற்று கலந்திருக்கிறது. செடியை ஒட்டித் தேங்கி நிற்கும் நீர்ப்படலம் ஓட்டத்தில் மெலிந்துவிடுவதால் வாயுக்கள் சுலபமாக உள்ளே வருகின்றன. எந்த வேகம் அதைப் பிய்த்தெறியப் பார்க்கிறதோ அதே வேகந்தான் அதற்கு மூச்சும் தருகிறது. விலை என்னவென்றால், தேங்கிய நீரில் இந்தச் செடிக்கு வாழ்வில்லை. குளத்துக்குள் நுழையும் வழியை அது அடைத்துக்கொண்டுவிட்டது.

விதைக்கு வருவோம். பாறைப்பற்றியின் விதை எங்கே விழ வேண்டும்? வேறெங்கும் இல்லை, பாறையில்தான். பறக்கும் விதை காட்டுக்குள் போய்விடும். மிதக்கும் விதை கடலுக்குப் போய்விடும். உண்மையில் இந்தச் செடிகள் செய்வது இதுதான்: தூசியளவு விதைகளை ஏராளமாகக் காய்ந்த பாறையில் உதிர்க்கின்றன. ஒரு தூறல் விழுந்ததும் விதையின் மேலுறை சர்பத்தில் போட்ட சப்ஜா விதையைப் போல வழவழவென்று ஊறிக் கூழாகும். வெயில் வந்ததும் அந்தக் கூழ் உலர்ந்து விதையைக் கல்லோடு ஒட்டிவிடும். ஆற்றில் நீர் ஏறும்போது விதை ஏற்கெனவே தன் இடத்தில் பிடித்து நிற்கிறது. முளைக்கும்போது ஆணிவேர் என்று எதுவும் இறங்குவதில்லை. வித்திலைகளுக்குக் கீழேயுள்ள பகுதியிலிருந்து பக்கவாட்டில் ஒரு வேர் கிளம்பித் தட்டையாக ஓடத் தொடங்குகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எச். ஒய். மோகன் ராமும் உடனிருந்தவர்களும் 1980-களில் இந்த விதைகளை ஆய்வுக்கூடத்தில் முளைக்கவைத்து, தகட்டுடல் எங்கிருந்து பிறக்கிறது என்பதை நிலை நிலையாகப் பார்த்து எழுதினார்கள். நம் நாட்டுத் தாவரவியலின் பெருமைக்குரிய பணிகளில் அது ஒன்று என்பது என் எண்ணம்.

அந்த விதைக்குள் சாப்பாடு கிடையாது. பூக்கும் தாவரங்களின் அடையாளமாக நாம் பாடத்தில் படிக்கும் இரட்டைக் கருவுறுதல் இங்கே நடைபெறுவதில்லை. கருவூண் திசு உண்டாவதில்லை. தேங்காயின் பருப்பும் நெல்லின் அரிசியும் எந்தத் திசுவோ அந்தத் திசுவையே இந்தக் குடும்பம் கைவிட்டுவிட்டது. சேமிப்பு இல்லாததால் விதை நொய்யிலும் நொய்யாக, எண்ணிக்கையில் ஏராளமாக இருக்க முடிகிறது. பெரும்பாலானவை அடித்துச் செல்லப்படும், சில ஒட்டும். இதற்கு நேர் எதிரான வழியையும் ஓர் உறவினர் எடுத்திருக்கிறார். இலங்கையின் ஃபார்மேரியாவின் கனியில் இரண்டே விதைகள். கனி வெடிப்பதில்லை, தாய் ஒட்டியிருந்த பாறையில் கனி இருந்த இடத்திலேயே முளைக்கிறது. தாய் பிழைத்த இடம் பிள்ளைக்கும் ஆகும் என்ற நம்பிக்கை. எந்த வழி சிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு பெரியவரோடு நான் வாதாடியாக வேண்டும். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1896 முதல் 1912 வரை இருந்தவர் ஜான் கிறிஸ்டோபர் வில்லிஸ். இலங்கை, இந்தியா இரண்டின் போடோஸ்டெமேசியே செடிகளையும் அவரளவுக்கு அக்காலத்தில் அறிந்தவர் இல்லை. 1902-இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துப் புரட்ட வேண்டிய ஒன்று. வில்லிசியா என்ற ஆனைமலைச் செடியின் பேரினப் பெயர் அவரைச் சிறப்பிக்க வைக்கப்பட்டதுதான். இவ்வளவு அறிந்த அவர் 1914-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே இச்செடிகளில் தகவமைப்பு இல்லாமை பற்றியது. அவர் கேட்ட கேள்வி இது: எல்லாம் ஒரே கருங்கல், ஒரே ஓடும் நீர், ஒரே வெயில். சூழல் இவ்வளவு ஒன்றுபோல் இருக்க, உருவங்கள் மட்டும் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன? ஒன்று நாடா, ஒன்று தகடு, ஒன்று கொத்து, ஒன்று கிண்ணம். அருகருகே ஒரே பாறையில் வாழ்கின்றன. அப்படியானால் இந்த வேறுபாடுகள் பிழைப்புக்காக வந்தவை அல்ல என்றார். அதிலிருந்து இயற்கைத் தேர்வையே சந்தேகிக்கும் இடத்துக்குப் போனார்.

இயற்கைத் தேர்வைக் கைவிட்ட இடத்தில் வில்லிஸ் வழிதவறினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பசைவேர், ஒட்டும் விதை, நீர் வடிவதைப் பார்த்துத் திறக்கும் மொட்டு ஆகிய மூன்றும் எல்லா வடிவங்களுக்கும் பொதுவாக இருக்கின்றனவே, அவற்றைத் தேர்வு அன்றி வேறெது நிலைநிறுத்தியிருக்கும்? ஆனாலும் அவர் கேள்வியை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறேன். ஒரு செடியில் காணும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்புவது கெட்ட பழக்கம். நாடாவும் தகடும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வழிகளாக இருக்கலாம். எது முதலில் வந்து பாறையைப் பிடித்ததோ அது நிலைத்திருக்கலாம். அந்த மொட்டைக் கல்லில் வேறு பூக்கும் செடி எதுவும் வந்து போட்டியிடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உருவங்கள் இஷ்டத்துக்கு அலையவும் இடமிருக்கிறது. வெள்ளத்தைச் சமாளிப்பதற்காகச் செடி தன் வேரைத் தட்டையாக்கிக்கொண்டது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். செடி எதையும் ஆக்கிக்கொள்ளவில்லை. தட்டையான வேரோடு தற்செயலாகப் பிறந்தவை வெள்ளம் போனபின் பாறையில் மிஞ்சியிருந்தன, அவ்வளவுதான். வரவிருக்கும் வெள்ளத்தைப் பற்றி அவற்றுக்கு எந்தத் திட்டமும் இல்லை. நம் அடுத்த சோதனைக்கு இது மிக அவசியமான செய்தி.

பாறைப்பற்றிக்கு மேலே ஓர் அணையைக் கட்டிப் பார்ப்போம்.

அணை என்றதும் நீர் குறைந்து செடி காய்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அதுவும் நடக்கும். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அணைக்குக் கீழே ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில், வற்றாமல், நல்ல நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை. ஒரு செடிக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? பாறைப்பற்றிக்கு அதுதான் மரணம். நீர்மட்டம் இறங்காவிட்டால் மொட்டின் உறை திறக்காது. மொட்டு திறக்காவிட்டால் கனியில்லை. கனி காய்ந்த பாறையில் நின்றால்தான் விதை ஒட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பாறை காய்வது அதற்கு வந்த கஷ்டம் அன்று. அதன் நாட்காட்டியே அதுதான்.

சரி, கற்பனைதானே, நாம் உதவி செய்வோம். நீருக்கடியிலேயே மூடிய மொட்டுக்குள் தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளும் வகை ஒன்றை உண்டாக்குவோம். இதுவும் அதீதக் கற்பனை இல்லை. இக்குடும்பத்தின் சில இனங்களில் மொட்டு விரியும் முன்பே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. ஆனால் அப்படி உண்டாகும் விதை ஓடும் நீரில் உதிரும். ஒட்டுவதற்கு அதற்கு ஈரமும் வேண்டும், பிறகு உலர்தலும் வேண்டும். உலர்தல் இல்லை. கூழ் ஊறியபடியே கடலுக்குப் போய்ச் சேரும். பூவைத் திருத்தினோம், விதையில் அறுந்தது.

விதையே வேண்டாம், வேர்த்துண்டுகளால் பரவட்டும் என்று அடுத்த திருத்தம் செய்வோம். இதற்கும் உண்மையில் ஆள் இருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஆறுகளில் வாழும் போடோஸ்டெமம் செராட்டோபில்லம் பல்லாண்டுச் செடி. பிய்ந்த துண்டு மறுபடி கல்லில் ஒட்டி வளரவும் கூடும். பாறைப்பற்றியும் அப்படி ஆனால் அந்தப் பாறையில் நெடுங்காலம் இருக்கும். ஆனால் துண்டுகள் கீழ்நோக்கி மட்டுமே போகும். மேலேயுள்ள பாறைக்கும் அடுத்த ஆற்றுக்கும் போக வழியில்லை. எல்லாம் ஒரே செடியின் படிகள். மழை பொய்த்து அணையின் மதகு ஒரு கோடை முழுவதும் மூடிக்கிடந்தால் ஒன்றும் மிஞ்சாது. கல்லில் காத்துக்கிடக்க ஒரு விதைகூட இராது. இவ்வளவு திருத்தங்களும் தானாக நடக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று பாருங்கள். அணை கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் போதும்.

மின்சாரத்துக்காக நீரைத் திறந்து மூடும் ஆற்றில் நிலைமை இன்னும் சிக்கல். மின்தேவை கூடும் நேரத்தில் நீர் பெருகும், குறைந்ததும் இறங்கும். பாறை ஒரே நாளில் காய்ந்து நனையும். மட்டம் இறங்கிவிட்டது என்று திறக்கும் பூ, சில மணி நேரத்தில் வெள்ளத்துக்குள் மூழ்கும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நம்பத்தக்கதாக இருந்த ஒரு சைகை பொய்யாகிவிடுகிறது. இதோடு வண்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே காடு வெட்டி மண் கரைந்து வந்தால், விதை ஒட்ட வேண்டிய கல்மேல் சேறு படிந்திருக்கும். சாக்கடையும் சோப்பும் கலந்தால் இழைப்பாசி வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கும்.

இப்போது சமவெளிக்கு வந்து பாருங்கள். அணைக்கட்டுகளுக்குப் பின்னால் நீர் தேங்கும் இடங்களில், சாக்கடை வந்து விழும் இடங்களில், நம்மவர்கள் அமலைச்செடி என்று சொல்லும் ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடிக்கு எதையும் பற்றிக்கொள்ளத் தேவையில்லை. காற்றடைத்த இலைக்காம்பில் மிதந்து, ஓடுதண்டால் பெருகும். ஆற்றுக்குப் பருவம் உண்டா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. தன் ஊரில் அது நல்ல குடிமகன். ஆனால் ஒரு ஆற்றில் பாறைப்பற்றிகள் மறைந்து அமலை பெருகுகிறது என்றால், அந்த ஆற்றின் ஓட்டம் தன் பருவத்தை இழந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆற்றுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு நீர் விட வேண்டும் என்று இன்று நாடெங்கும் பேசப்படுகிறது. வரவேற்க வேண்டிய பேச்சு. ஆனால் அளவை மட்டும் பேசினால் போதாது. லெராய் பாஃப் முதலிய அமெரிக்க அறிஞர்கள் 1997-இல் எழுதிய கட்டுரையில் ஆற்றோட்டத்துக்கு அளவு, எத்தனை முறை, எவ்வளவு நாள், எந்தப் பருவம், எவ்வளவு விரைவில் ஏறி இறங்குகிறது என ஐந்து கூறுகளைச் சொன்னார்கள். பாறைப்பற்றிக்கு உயிர்நாடி கடைசி இரண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் போக வேண்டும். தைக்குப் பின் நீர் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இறங்கியபின் சில வாரங்கள் இறங்கியே இருக்க வேண்டும். கூடுதல் நீர் இதில் எதையும் ஈடுகட்டாது. மதகை இயக்கும் அட்டவணையில் இந்தச் சில வாரங்களுக்கு ஓர் இடம் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை என்றே நினைக்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் நம் வீட்டு வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அருவிக்கருகே ஒரு திட்டம் வரும்போது தாவரக் கணக்கெடுப்பு நடக்கும். கணக்கெடுப்பவர்கள் மழைக்காலத்தில் போனால் பாறை நீருக்கடியில் இருக்கும். கோடை முற்றியபின் போனால் பாறையில் கறுத்த சருகுதான் இருக்கும். இரண்டு சமயத்திலும் அறிக்கையில் ‘பாறையில் தாவரங்கள் இல்லை’ என்று வர இடமுண்டு. இந்தச் செடிகளைப் பூவும் கனியும் இல்லாமல் இனம்பிரிப்பது கடினம். பூ இருப்பது நீர் இறங்கும் அந்த வாரங்களில் மட்டுமே. பல சிற்றினங்கள் ஒரே ஆற்றிலோ சில அருவிகளிலோ மட்டும் அறியப்பட்டவை. அங்கே இல்லையென்று எழுதிவிட்டால் உலகத்திலேயே இல்லையென்று எழுதியதற்குச் சமம்.

ஆகவே இங்கிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் தையிலிருந்து பங்குனிக்குள், துறை ஆசிரியர்களோடு, வனத்துறையின் அனுமதி பெற்று, உங்கள் ஊர் ஓடைகளின் பாறைகளுக்குப் போங்கள். அருவிக்கு நேர் கீழே இறங்க வேண்டாம், வழுக்கும். ஒரு பாறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீர்மட்டத்திலிருந்து மேல்நோக்கி ஓர் அளவுநாடாவைக் கிடத்தி, ஒவ்வொரு சாணிலும் செடி பச்சையாக இருக்கிறதா, பூவில் இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவுகோலோடு படம் எடுங்கள். பாறையைச் சுரண்டி மொட்டையடிக்காமல், பூவும் கனியும் உள்ள சிறு துண்டு ஒன்றை மட்டும் சாராயக் கரைசலில் எடுத்துவந்து ஹெர்பேரியத்தில் சேருங்கள். அணைக்குக் கீழே ஒரு பாறை, அணை இல்லாத ஓடையில் ஒரு பாறை என்று இரண்டு இடத்திலும் இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அடுத்த ஆண்டு அதே பாறைக்கு உங்களுக்குப் பின்னால் வரும் வகுப்பு போகட்டும். அதற்கடுத்த ஆண்டு அடுத்த வகுப்பு. பதிவேடு கல்லூரியில் இருக்கட்டும். அந்த ஓடையில் எதைக் கட்டலாம், எப்போது நீரைத் திறக்கலாம் என்ற பேச்சு வரும் நாளில், மேசையின்மேல் எடுத்து வைக்க நம்மிடம் ஒன்று வேண்டும்.